விழுந்தால் அவிழ வேண்டும்

தம்பி,

நீ மார்கழியில் போட்ட கடிதம், உறையின் மூலையெல்லாம் மடிந்து, நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. வவுனியாவிலிருந்து லொறியில் வந்த ஒருவர் படலையடியில் நின்று கூப்பிட்டுத் தந்துவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அம்மாவின் தொய்வு இழுப்பு இந்த மாரியில் கூடவில்லை. வயலை உன் தங்கச்சி சுகந்தி பார்க்கிறாள், பயிர் பிழையில்லை. இதற்கு மேல் சுகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் கடிதத்தின் நடுவில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "இந்தப் பலகைக் கதை உங்களுக்கு விளங்காது அப்பா, சும்மா எழுதுறன்." எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் இதை எழுதுகிறேன். நீ கீறியனுப்பிய படங்களை இன்று விடிந்ததிலிருந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பனியைக் கண்டதில்லை. நீ எழுதியதிலிருந்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. நீ இருக்கும் வீடு மலைச்சரிவில், மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பஸ் வரும் ரோட்டுக்குக் காட்டுக்குள்ளால் இறங்கி ஏறி, ஏறி இறங்கிப் போகவேண்டும். பெரிய ரோட்டில் விழும் பனியை மெசின் வந்து தள்ளிவிடும், உன் பாதையை ஒருவரும் தொடுவதில்லை. அதில் சும்மா நடந்தால் கால் தொடை வரை புதையும். ஆகவே அங்குள்ளவர்கள் காலில் நீளப் பலகை பூட்டி, இரண்டு கையிலும் தடி ஊன்றி வழுக்கிப் போகிறார்கள். வீட்டுக்காரரின் மகன் தன் பழைய பலகையை உனக்கு இரவல் தந்தான். அது ஒழுங்காகச் சீர்செய்த பாதையில் வேகமாக ஓடுவதற்கென்று செய்த ஒடுக்கமான பலகை. இறக்கத்தில் அதை நிற்பாட்ட உன்னால் முடியவில்லை, ஒரு மரத்தோடு மோதி விழுந்தாய். ஒரு கால் பலகையோடு கொப்புகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. தடியின் வார் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நாயோடு அந்த வழியால் வந்த ஒரு மனுசி காணும்வரை அப்படியே கிடந்தாய். பிறகு வீட்டுக்காரக் கிழவர் உன்னை ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் மூன்று விதமான பலகைகளைக் காட்ட, நீ ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டாய். இப்போது வகுப்புக்கும் போவதில்லை. கிழவர் கீழ்வீட்டிலிருந்து பாணும் பாலும் கொண்டுவந்து வைக்கிறார். "யன்னலாலை பாத்துக்கொண்டு கிடக்கிறன்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்தக் கிடப்பு எனக்குத் தெரியும். என் காலைப் பற்றி உனக்கு எழுதியது பொய், தம்பி. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சுகந்தியைக் கொண்டு எழுதுவித்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இப்போது சொல்லவேண்டிய தேவை வந்துவிட்டது.

எண்பத்தேழு மாரியில் பெரியம்மா காய்ச்சலில் விழுந்து, சமைத்துப்போட ஆளில்லை என்று சொல்லியனுப்ப, அம்மா மாங்குளத்துக்குப் போனா. ஒரு கிழமையில் வருவதாகச் சொல்லிப் போனவா. மூன்றாம் நாளே ரோட்டு அடைபட்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை, சைக்கிளில் போனவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். தொய்வுக்கு அம்மா விழுங்கும் குளிசையில் அவா கொண்டுபோனது கொஞ்சம், மிச்சம் அலுமாரிக்குள் இருந்தது. மழை பிடித்தால் அவாவுக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நீ சின்னனாய் இருக்கும்போது அவா கதிரையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுப்பதைப் பார்த்து மேசைக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்வாய். அங்கே கடைகள் பூட்டிக் கிடப்பதாகவும், பெரியம்மா வீட்டில் வேறு சனமும் வந்து தங்கியிருப்பதாகவும் ஆட்கள் சொன்னார்கள். நான் இங்கே வட்டக்கச்சியில் வீட்டுக்குள் இருந்துகொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் எழும்பிக் காட்டுக்குள்ளால் போவது என்று முடிவெடுத்தேன். எங்கள் குளத்துக்குத் தெற்கே பழைய வண்டில் பாதை ஒன்று மாங்குளப் பக்கம் இறங்குவது உனக்கு ஞாபகம் இருக்கும். மரம் ஏற்றுகிறவர்கள் விட்ட பிறகு பற்றை மூடிக் கிடந்தது.

சுகந்தி தானும் வருவதாக நின்றாள். தனியே போகவும் பயம், அவளைத் தனியே விட்டுப் போகவும் பயம், ஆகவே ஒத்துக்கொண்டேன். இரண்டு சைக்கிள். நான் வயலுக்குக் கொண்டுபோகும் பாரமான சைக்கிள், அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய சின்னச் சைக்கிள். எந்தச் சைக்கிள் என்பதில் நான் பிழை விடவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அகலமான ரயர், பலமான கரியர், சேற்றில் புதையாது. நான் பிழைவிட்டது கட்டிய விதத்தில். ஒரு மூட்டை அரிசியை முழுதாக என் கரியரில் ஏற்றி, பழைய ரியூப்பைக் கீறி எடுத்த இறப்பர் வாரால் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். சேறு செருப்பைப் பிடுங்கும் என்று செருப்பையும் அதே வாரால் காலோடு சேர்த்துக் கட்டினேன். வழியில் ஆமி மறித்தால் கத்தி கண்ணில் படக்கூடாது என்று காட்டுக்கத்தியை அரிசிக்குள் தாட்டு, சாக்கின் வாயைச் சாக்கூசியால் தைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சுகந்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அரிசியைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ரெண்டு சைக்கிளிலையும் வைப்பம். கயித்தாலை கட்டுங்கோ, இழுத்தா அவிழுற மாதிரி."

"காட்டுக்கை அவிழ்ந்தா ஆர் கட்டுறது?"

"அவிழாட்டி ஆர் அவிழ்க்கிறது?"

நான் சிரித்தேன். கதைக்கு மறுகதை சொல்கிறாள் என்று நினைத்தேன். சரியான பதில் அது என்று எனக்கு அப்போது படவில்லை.

முதல் நாள் மத்தியானம் வரைக்கும் நல்லாய்த்தான் போனோம். பாலை மரங்களுக்குக் கீழே நிலம் இலைமூடி இறுக்கமாக இருந்தது. மழை தூறிவிட்டு ஓய்ந்தது. காட்டுக்கு வெளியே எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டது, யானை லத்தி புதிதாகக் கிடந்தது, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கதையாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். அகப்பட்டோம் என்ற எண்ணம் அப்போதே எனக்குள் வந்துவிட்டது. முன்னுக்குப் போனால் என்ன இருக்கிறதென்று தெரியாது, பின்னுக்குத் திரும்பினால் அம்மா இல்லாத வீடு. பிறகு பாதை ஒரு காட்டாற்றுக்குள் இறங்கியது. கரை செங்குத்து, களிமண், மழையில் சவர்க்காரம் போல வழுக்கியது. கீழே தண்ணீர் கணுக்கால் அளவுதான். சுகந்தி தன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளுக்குப் பக்கத்தில் இறங்கினேன். பாதி இறக்கத்தில் பாரம் என்னைத் தாண்டிப் போனது. அது விழுந்த பக்கம் நான் நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது முதுகு தண்ணீரில், சைக்கிள் எனக்கு மேலே. மூட்டை தொடையில் குந்தியிருந்தது. வலது கால் பெடலுக்கும் சட்டத்துக்கும் இடையில் போய் மடங்கிக் கிடந்தது, செருப்புக் கட்டிய வார் சங்கிலியில் ஏறி இறுகிவிட்டது. சுகந்தி ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. மூட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. நனைந்த இறப்பரின் முடிச்சை நகத்தால் கிண்டினாள், பல்லால் கடித்தாள். நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. எங்கேயோ மேலே பெய்த மழை எங்களிடம் வந்து சேரத் தொடங்கியது. காதடியில் இருந்த தண்ணீர் கன்னத்துக்கு ஏறியது. நான் முழங்கைகளை ஊன்றித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கத்தி எங்கையப்பா?"

"மூட்டைக்குள்ளை."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். குனிந்து சாக்கின் தையலைப் பல்லில் பிடித்துப் பிய்த்தாள். உதடு கிழிந்து இரத்தம் வந்தது, விடவில்லை. ஒரு தையல் அறுந்ததும் விரலை விட்டு இழுத்தாள், வாய் திறந்தது, அரிசி தண்ணீருக்குள் கொட்டத் தொடங்கியது. வெள்ளையாய்ப் போய்க்கொண்டே இருந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "கொட்டாதை! கொட்டாதை பிள்ளை!" தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது, கால் முறிந்து கிடந்தது, நான் அரிசிக்குக் கத்தினேன்.

"வாயை மூடுங்கோ அப்பா," என்றாள்.

அதுவரை அவள் என்னை அதட்டி ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு கையாலும் அரிசியை அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள், கத்தி கையில் பட்டது, முதலில் என் காலின் வாரை அறுத்தாள், பிறகு மூட்டையின் கட்டை அறுத்தாள். பாரமில்லாத சைக்கிளைத் தூக்குவது அவளுக்கு ஒரு வேலையாக இருக்கவில்லை. என்னைக் கக்கத்தில் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டபோது என் பாதம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போய்ச் சத்தியெடுத்துவிட்டு வந்து, இரண்டு தடி வெட்டி, தன் தாவணியைக் கிழித்துக் கட்டினாள். பெரிய சைக்கிள் ஆற்றிலேயே போனது. சின்னச் சைக்கிளின் கரியரில் என்னை இருத்தித் தள்ளிக்கொண்டு அடுத்த நாள் பின்னேரம் மாங்குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குளிசைப் போத்தல் என் சேர்ட் பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது, உள்ளே தண்ணீர் போகவில்லை.

அம்மா பெரியம்மா வீட்டுக் குசினி வாசலில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. முந்தின கிழமையே தொய்வு வந்து இழுத்ததாம். பக்கத்து வீட்டு மனுசி ஒருவரிடம் அதே குளிசை இருந்ததாம். எங்கள் கோலத்தைப் பார்த்தவுடனே அழவில்லை, ஏசத் தொடங்கினா. "ஆரைக் கேட்டு வந்தனீங்கள்? நான் வரச்சொன்னனானே? பொம்பிளைப் பிள்ளையைக் காட்டுக்குள்ளாலை கூட்டிக்கொண்டு..." பிறகு என் காலைக் கண்டா. கத்தியைக் கீழே வைத்தா.

முறிவு பார்க்கிற ஒருவர் வந்து இழுத்துக் கட்டினார். நேராய்ப் பொருந்தவில்லை. ரோட்டு திறந்த பிறகு ட்ரக்டர் பெட்டியில் படுத்தபடி வட்டக்கச்சிக்கு வந்தேன். அன்றிலிருந்து நான் சைக்கிள் ஓடியதில்லை. இது எனக்கு நேர்ந்தது, நான் சகித்துக்கொள்ளலாம். சுகந்திக்கு நேர்ந்ததைத்தான் நான் உனக்குச் சொல்லாமல் மறைத்தேன். அவளுக்கு ஆசிரியர் கலாசாலைக்கு இடம் கிடைத்திருந்தது. வயலைப் பார்க்க ஆளில்லை, என்னைத் தூக்கி இருத்த அம்மாவால் ஏலாது. "அடுத்த முறை பாப்பம்" என்றாள். அடுத்த முறை கூப்பிடவில்லை. இப்போது விடிய முதல் மண்வெட்டியோடு போகிறாள், ஊரடங்குக்கு முதல் வருகிறாள், என்னோடு அன்பாகத்தான் கதைக்கிறாள். ஆனால் இந்த வளவுக்குள் அவளைக் கட்டிப்போட்டது என் முடிச்சு. யுத்தத்தின் மேல் பழியைப் போடுவது இலேசு. ரோட்டை அடைத்தது யுத்தம், அது சரி. மூட்டையைக் கட்டியது நான்.

விழுந்த பிறகு வருகிறதுதான் பொல்லாதது, தம்பி, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கால் எலும்பு பொருந்திய பிறகு தடியூன்றி வயல் வாய்க்கால்வரை போகலாம் என்று முறிவுக்காரர் சொன்னார். நான் போகவில்லை. இன்றைக்கு வெயில், நாளைக்குப் போவோம் என்பேன். நாளைக்கு ஈரம் என்பேன். பிறகு படலைவரை போவதும் தூரமாய்த் தெரிந்தது. பிறகு கிணற்றடி. ஒரு கட்டத்தில் அம்மா கட்டிலடியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கத் தொடங்க, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. உனக்கு அந்தக் கிழவர் பாண் கொண்டுவந்து வைப்பதைப் படித்தபோது எனக்கு அந்தத் தேத்தண்ணிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் நல்ல மனுசன், ஆனால் அந்தப் பாண்தான் உன்னை உள்ளே வைத்திருக்கிறது. கடைசியில் சுகந்தி ஒரு நாள் என்னிடம் கேட்காமல் என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே ரோட்டோரம் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். இருப்பதென்றால் அங்கேதான் இருக்கவேண்டும். தினமும் போடுகிறாள். தினமும் அவ்வளவு தூரம் போகிறேன். வாய்க்கால்வரை இன்னும் போகவில்லை, உனக்குப் பொய் எழுத எனக்கு இனி விருப்பமில்லை.

ஆகவே பலகையைப் பற்றி நான் நினைப்பதைக் கேள். கீழ்வீட்டுக் கிழவரிடமும் கேள், அவர் அதிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவர் விழுந்து நாற்பது வருடம் இருக்கும், நான் விழுந்து அதிக காலமில்லை. ஒடுக்கமான பலகையை மற. அது சீரான பாதைக்கு, உனக்கு அப்படி ஒரு பாதை இல்லை. மற்ற இரண்டில், விளிம்பெல்லாம் இரும்பு பதித்த அகலமானது பாரம் என்று எழுதியிருக்கிறாய். பாரம்தான், ஆனால் அது புதையாது, இறுகிய பனியில் இரும்பு கடித்துப் பிடிக்கும், இறக்கத்தில் உனக்கு வேண்டியது அதுதான். கையை உயர்த்தி நின்றால் மணிக்கட்டுவரை நீளம் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். அவ்வளவு நீளத்தை வைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவில் எப்படித் திரும்புவாய்? நீளம் குறைந்த கட்டையானதைக் கேள். அடியில் மெழுகு பூசுவது, குளிருக்குக் குளிர் வேறு மெழுகு, இதெல்லாம் பழகினவனுக்கு. மீன்செதில் மாதிரி வெட்டுப்போட்ட அடி இருப்பதாகக் கீறியிருக்கிறாய், ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்காதாம். அது மெதுவாக ஓடும் என்கிறாய். ஓடட்டும், உனக்கு என்ன அவசரம்? நடுவில் வில்லுப்போல வளைந்திருக்கும் பலகை உன் பாரத்துக்கு நிலம் தொடுகிறதா என்று கீழே கடதாசி வைத்துப் பார்ப்பார்கள் என்றாய். பார்க்கும்போது புத்தகப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி நில். நீ போகப்போவது பையோடுதான். சப்பாத்து கணுக்காலை மூடிப் பிடிக்கவேண்டும், இதற்கு என் காலே சாட்சி. தடியின் நுனி வளையம் பெரிதாக இருக்கட்டும், சின்ன வளையம் இளகிய பனிக்குள் இறங்கிவிடும். மரங்களுக்குள் போகும்போது வாரை மணிக்கட்டில் மாட்டாதே.

எல்லாவற்றிலும் முக்கியம் சப்பாத்தைப் பலகையோடு பூட்டுகிற பூட்டு. நீ இரண்டு கீறியிருக்கிறாய். ஒன்று குதிக்காலுக்குப் பின்னால் கம்பி சுற்றி முன்னால் இழுத்து மடக்குவது, பலமானது என்கிறாய். மற்றது சப்பாத்தின் நுனியை மட்டும் கவ்விப் பிடிப்பது, தடியின் கூரால் குத்தினால் திறந்துவிடும் என்கிறாய். பலமானதைப் பார்த்து மயங்காதே. நான் பலமாய்க் கட்டினவன். இரண்டாவதை எடு. எடுக்க முதல் கடையிலேயே கையுறை போட்டுக்கொண்டு, பலகையைக் காலில் பூட்டி, நிலத்தில் குப்புற விழு. ஒரு கால் மற்றக் காலுக்குக் கீழே மாட்டுப்பட விழு. அப்படிக் கிடந்தபடி நீயே அவிழ்த்து எழும்பு. ஒருவரையும் கைகொடுக்க விடாதே. சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். எழும்ப முடிந்தால் வாங்கு, முடியாவிட்டால் வேறொன்றைக் கேள்.

நாளைக் காலை ஒருவர் வவுனியாவுக்குப் போகப் பார்க்கிறார், வழியில் மறிக்காமல் விட்டால் இந்தக் கடிதமும் போகும். அம்மா எனக்குப் பின்னால் நின்று தானும் ஒரு வரி எழுதவேண்டும் என்கிறா. கண் தெரியவில்லை என்பதால் என்னையே எழுதச் சொல்கிறா. அவா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் போடுகிறேன்: "அந்தப் பலகை ஒண்டும் வேண்டாம் ராசா. வந்திடு."

எழுதிவிட்டேன், அவா படலையடிக்குப் போய்விட்டா. இனி நான் சொல்கிறேன். வராதே, தம்பி. அகலமானதை வாங்கு.

அப்பா